உடலும் இயக்கத்தின் உடைமை!

2014-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் நியூயார்க் நகரிலே ஒரு பாடகர் கண்மூடினார். வயது 94. பத்து நாட்களுக்கு முன்புகூட விறகு பிளந்துகொண்டிருந்தார் என்றார் அவருடைய பேரன். அந்தக் கிழவர்தான் பீட் சீகர். அமெரிக்கத் தொழிலாளரின் பாட்டுக்காரர்.

அவருக்குப் புகழ்மாலை சூட்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. நம் தோழர்களிடம் ஊறிப்போன ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. அதற்கு அவரைத் துணைக்கு அழைக்கிறோம்.

1919-இல் பிறந்த சீகர், ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். 1941-இல் உட்டி கத்ரி முதலிய தோழர்களோடு தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். 1950-இல் அவருடைய வீவர்ஸ் குழுவின் இசைத்தட்டு அந்நாட்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. பணமும் புகழும் வாசலுக்கு வந்தன. கூடவே கம்யூனிஸ்ட் வேட்டையும் வந்தது. 1955-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூண்டிலேற்றியது. எங்கே பாடினேன், யாருக்குப் பாடினேன் என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று வாதாடிப் பதிலளிக்க மறுத்தார். 1961-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 1962-இல் மேல்கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. ஆனாலும் பெரிய தொலைக்காட்சி நிலையங்களின் கதவு 1967 வரை அவருக்கு மூடியே கிடந்தது.

மனம் ஒடிந்தாரா? உடலைக் கெடுத்துக்கொண்டு மூலையிலே முடங்கினாரா? இல்லை! பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் போய்ப் பாடினார். ஹட்சன் ஆற்றைப் பார்த்த மலைச்சரிவிலே, முன்பே நிலம் வாங்கித் தம் கையாலேயே கட்டிய மரவீட்டில் வாழ்ந்தார். ஆலைக் கழிவால் நாறிய அந்த ஆற்றை மீட்க, 1969-இல் கிளியர்வாட்டர் என்ற பாய்மரக் கப்பலை மிதக்கவிட்டார். கைக்கு வேலை ஓயவில்லை. காலுக்கு நடை ஓயவில்லை.

முதுமையிலே குரல் தேய்ந்தது. பாடகனுக்குக் குரல் போனால் மிச்சம் என்ன? சீகருக்கு மக்கள் மிச்சம்! அவர் வரியை எடுத்துக் கொடுத்தார்; கூட்டம் பாடிற்று. 2011 அக்டோபரில், 92 வயதில், இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு, வால் தெருவின் கொள்ளையை எதிர்த்த ஊர்வலத்தில் இரவிலே நடந்தார். 2013 செப்டம்பரில், 94 வயதில், விவசாயிகளுக்கான நிதி மேடையிலே நின்றார்.

ஒழுங்காக வாழ்ந்தால் எல்லோருக்கும் தொண்ணூறு நிச்சயம் என்று நாம் மந்திரம் போடவில்லை. சீகரின் தோழர் உட்டி கத்ரி, பரம்பரை நோயினால் 1967-இல் 55 வயதிலேயே மறைந்தார். நம் கையில் இல்லாதது உண்டு. ஆனால் நம் கையில் இருப்பதை என்ன செய்கிறோம்?

காலையிலே ஒரு டீ, ஒரு பீடி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பதில் இன்னொரு டீ. இரவு கூட்டம் முடியப் பன்னிரண்டு மணி, அதற்குமேல் பரோட்டா. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், மாநாடு முடியட்டும் என்று பதில்! இதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுகிறோம். தோழர்களே, இது தியாகமன்று, நஷ்டம். முப்பது ஆண்டு அனுபவம் ஒரே இரவில் மாரடைப்பிலே போய்விடுகிறது. நாம் படத்திறப்பு நடத்துகிறோம். அந்த வீட்டு அம்மாவின் கண்ணீருக்கு எந்தத் தீர்மானம் பதில் சொல்லும்?

"பன்னிரண்டு மணி நேரம் மெஷினோடு நிற்பவனுக்கு ஆரோக்கிய உபதேசமா?" என்று தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈ.எஸ்.ஐ. அட்டை பையிலே இருக்கிறது. மருந்தகம் போக ஒரு நாள் லீவு கிடைப்பதில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: ஓய்வும் வைத்தியமும் முதலாளி போடும் பிச்சை அல்ல, கூலியைப் போலவே போராடிப் பெறவேண்டிய உரிமை. கோரிக்கைப் பட்டியலிலே அது மேலே ஏறட்டும். ஆனால் பீடியைக் கீழே போடுவதற்கு எந்த முதலாளியின் அனுமதியும் தேவையில்லை!

கிளைகள் இன்றே தொடங்கலாம். இரவு பத்து மணிக்குக் கூட்டத்தை முடியுங்கள். நாற்பது தாண்டிய தோழர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யுங்கள். மூத்த தோழர்கள் சுமையை இளைஞர் தோளுக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், பக்கத்திலே நில்லுங்கள்.

பாட மக்கள் இருக்கிறார்கள். வரியை எடுத்துக் கொடுக்க மூத்தவர்கள் உயிரோடு இருக்கவேண்டும். அதுவும் இயக்கப் பணியே!