மடக்குக் கத்திக்கு எதற்குங்க எவர்சில்வர்?

ராம்பூர்ப் பக்கம் போகிற நம்ம ஆட்கள் மடக்குக் கத்தி வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வி, "துருப்பிடிக்குமா?" இரண்டாவது, "இன்னும் பளபளன்னு இல்லையா?" மூன்றாவது, "பாதி விலைக்குக் கொடு." கைவேலைக்காரர் என்ன செய்வார்? கேட்டதையே செய்து கொடுக்கிறார். ஆறு மாதத்தில் கத்தி ஆடுகிறது. உடனே, "இப்பல்லாம் சரக்கே சரியில்லை சார்" என்று நாமே புலம்புகிறோம். நல்லா இருக்கு நியாயம்!

எவர்சில்வர் மோகம் சமையலறையோடு நிற்கட்டும். தட்டு, டம்ளர் செய்யும் 18/8 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். துரு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுக்கக் காய்ச்சி முக்கினாலும் அது கெட்டிப்படாது. அப்புறம் கூர் எங்கே நிற்கும்? அலகுக்குக் கரிமம் வேண்டும். பேரிங் செய்யும் 52100 எஃகில் அது சுமார் 1 சதவீதம். பழம் நறுக்கியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். "அதுக்கெல்லாம் நேரமில்லை" என்பவர்களுக்கு 440சி இருக்கிறது. அதில் கரிமம் 1 சதவீதம், குரோமியம் 16 முதல் 18 வரை. விலை கூடத்தான், கொடுங்களேன்.

அலகைவிடப் பெரிய விஷயம், யாருமே கேட்காத ஸ்பிரிங். ஒவ்வொரு தடவை திறந்து மடக்கும்போதும் வளைந்து நிமிர்வது அதுதான். அங்கே மலிவான பித்தளைத் தகட்டை வைத்தால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். பிடிப்புத் தளர்ந்த கத்தி மடங்கி விழுவது நம் விரல் மேல். ஸ்பிரிங்குக்குப் பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகுதான் சரி. லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் பட்டைகளின் ஜாதி அது. அச்சாணியும் எஃகாக இருக்கட்டும். அலகுக்கு இரண்டு பக்கமும் பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் போட்டால் எஃகோடு எஃகு உரசாது. பித்தளைக்கு இடம் உள்தகடும் கைப்பிடி முனையும். அங்கே அது ராஜா: துருவும் கிடையாது, அரம் போடவும் சுலபம்.

கைப்பிடிக்கு எருமைக் கொம்பு, ஈட்டி மரம் இரண்டும் நல்லவை. மரமாக இருந்தால் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னை ஈரத்தில் உப்பி, வடக்கத்தி வெயிலில் வெடிக்கும். மான் கொம்பு, தந்தம் பக்கமே போகாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது.

பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்பீர்கள். போட்ட பணம் எங்கே வேலை செய்கிறது, எங்கே சும்மா மினுக்குகிறது என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு! பாலிஷில் போடும் பணம் மினுக்கும். ஸ்பிரிங்கில் போடும் பணம் உழைக்கும். 2023-ல் ராம்பூர்ச் சந்திப்பில் சுமார் 20 அடிக் கத்தி ஒன்றை நிறுத்தினார்கள். அது மினுங்கட்டும், பார்ப்பதற்கென்றே வைத்தது. உங்கள் கத்தி வேலை செய்ய வேண்டியது.

அடுத்த தடவை பளபளப்பை விட்டுவிட்டு, "கமானி எந்த இரும்பு பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே ஸ்பிரிங்குக்குக் கமானி என்றுதான் பெயர். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பேரம் பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அப்படி நாலு பேர் கொடுத்தால்தான் அவர் பிள்ளையும் அந்தப் பட்டறையில் உட்காருவான்.