பிசைந்தவளும் காத்தவனும்

மாவு பிசைவதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு. கே, என், ஈ, ஏ, டி. எழுத்து ஐந்து, வாயைத் திறந்தால் வருவது வெறும் 'நீட்'. 'தேவை' என்கிற நீட்டுக்கும் இதே சத்தம்தான். அப்புறம் அந்த முதல் 'கே' எதுக்குய்யா, வேலையே செய்யாமல் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கு? (நம் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

ஒரு காலத்தில் நன்றாக உழைத்த எழுத்து அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் வார்த்தை 'க்னெடன்'. 'க்'கை அழுத்திச் சொன்னார்கள். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் லண்டன்காரர்களின் நாக்குக்குச் சோம்பல் வந்து, கத்தி, முடிச்சு, முழங்கால் எல்லாவற்றின் இங்கிலீஷ் பெயர்களிலும் 'க்'கைக் கழற்றிவிட்டது. ஜெர்மன்காரர் விடவில்லை, இன்னிக்கும் 'க்னேட்டன்'. டச்சில் 'க்னேடன்', ஸ்வீடனில் 'க்னோடா'.

இறந்தகாலமும் அப்போது வேறு. க்னெடன், க்னேட் என்று வயிற்றுக்குள்ளேயே உயிரெழுத்து மாறும், 'ஈட், ஏட்' மாதிரி. இப்போது சாதுவாக வாலில் ஒன்றை ஒட்டிக்கொண்டு 'நீடட்'. இலக்கணக்காரர்கள் முன்னதைப் பலமான வினை என்றும், பின்னதைப் பலவீனமான வினை என்றும் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு முன், பின் என்று சொல்லியிருக்கலாம்.

ரஷ்யாவில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. அங்கே மாவை விட்டுவிட்டு மனுஷனைப் பிடித்துக்கொண்டார்கள்: 'க்ன்யோட்' என்றால் அடக்குமுறை. மேனேஜர் பிசைவதற்கும் வார்த்தை இருக்கிறது, பாருங்கள்!

ஜெர்மன் பேச்சு வழக்கில் 'க்னேட்ட' என்றால் காசு. இங்கிலீஷில் பிசைந்த மாவான 'டோ'வுக்கும் காசு என்று அர்த்தம் உண்டு. இந்த 'டோ' வேறு குடும்பம். ஆனால் அதன் வேருக்கும் பிசைந்து உருவாக்குவது என்றுதான் பொருள். சமஸ்கிருதத்தில் அதே வேரில் முளைத்ததுதான் 'தேஹ'. நம்மிடம் வந்து தேகம் ஆகிவிட்டது.

'லேடி' என்ற வார்த்தைக்குள்ளும் அதே வேர் ஒளிந்திருக்கிறது. பழைய வடிவம் 'ஹ்லாஃப்டியே', ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். 'லார்ட்' யார்? 'ஹ்லாஃப்வேர்ட்', ரொட்டியைக் காவல் காக்கிறவன். ஒருத்தி இடுப்பொடியப் பிசைந்தாள், ஒருத்தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான். பட்டம் என்னவோ இரண்டு பேருக்கும். இன்றைய லேடிகளின் விரலில் மாவு ஒட்டுவதாகத் தெரியவில்லை. லார்டுகள் வேலையை மாற்றிக்கொண்டதாகவும் தகவல் இல்லை.

மூன்றாவதாக ஒருத்தன் இருந்தான். பிசையவும் மாட்டான், காக்கவும் மாட்டான். 'ஹ்லாஃப் ஆட்டா', ரொட்டி தின்கிறவன். அதாவது எஜமானனை அண்டிச் சாப்பிடுகிற வேலைக்காரன். நீங்களும் நானும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கி.பி. 600-ஐ ஒட்டி கென்ட் நாட்டு மன்னர் எதெல்பெர்ட் போட்ட சட்டத்தில் அவனுக்கும் விலை இருக்கிறது. சாதாரண சுதந்திர மனிதனைக் கொன்றால் நஷ்டஈடு 100 ஷில்லிங். அவன் வீட்டு ரொட்டி தின்கிறவனைக் கொன்றால் 6 ஷில்லிங். அதுவும் எஜமானனுக்கு. பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றி மன்னர் மூச்சு விடவில்லை.