பயிலுங் காலத்து எழுதிய தலை

பேரோவியர் ஒருவர் இளமையிற் பயின்றெழுதிய தாள்களைக் காட்சிச்சாலைகள் பேணிவைத்தல் வீண் என்று கூறுவாருளர். முற்றுப்பெற்ற படங்கள் இருக்க, கைபழகுங்கால் கிறுக்கியவற்றை எதற்காகக் காத்தல் வேண்டும் என்பது அவர் வினா. அத்தாள் பிறர் படத்தைப் பார்த்தெழுதிய நகலாயின், அவர்தம் ஏளனம் இருமடங்காகும். இக்கொள்கைக்கு யான் உடன்படேன்.

இங்கிலாந்தில் டார்பி நகரத்தவரான ஜோஸப் ரைட் என்னும் ஓவியரை எடுத்துக்கொள்வோம். 1734-ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1751-இல் லண்டன் மாநகரஞ் சென்று, உருவப்படம் எழுதுவதிற் பேர்பெற்ற தாமஸ் ஹட்ஸனிடம் இரண்டாண்டு மாணாக்கராயிருந்தார். 1756-இல் மீண்டும் அவரிடமே சென்று பதினைந்து மாதம் பயின்றார். சாக்குக்கட்டியால் தலைகளைப் பார்த்தெழுதுதல் அப்பயிற்சியின் ஒரு பெரும்பகுதி.

அம்முறையைச் சற்று உற்று நோக்குக. தாள் வெண்மையன்று, நீலமோ சாம்பலோ தோய்ந்தது. மாணவன் கையிற் கருங்கட்டி ஒன்று, வெண்கட்டி ஒன்று. தாளின் நிறமே முகத்தின் நடுநிறமாய் நிற்கும். கண்குழி, மூக்கின் அடி, தாடையின் கீழ்ப்புறம் இவற்றிற்குக் கருமை. நெற்றிமேடு, மூக்கின் நுனி, கீழுதட்டின் விளிம்பு இவற்றிற்கு வெண்மை. வெண்மை சிறிது மிகுந்தால் முகம் மாப்பூசியதுபோலாகும். இரு கட்டிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து கலந்தாலோ சேற்றுநிறமே எஞ்சும். ஆகவே கட்டியை எங்கே வைத்தலாகாது என்பதையே மாணவன் முதலிற் கற்கிறான். ஒளி எப்பக்கத்தினின்று விழுகிறது என்று கோட்டுக்குக் கோடு தன்னை வினவிக்கொள்ளாமல் ஒரு தலையை முடித்தல் இயலாது.

பின்னாளில் ரைட் எழுதிய படங்களை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். 1768-இல் எழுதப்பெற்று இன்று லண்டன் தேசிய ஓவியசாலையில் உள்ள காற்றுக்குழாய்ச் சோதனைப் படத்தில், ஒற்றை விளக்கொளி சூழ நின்றோர் முகங்களில் வெவ்வேறு அளவில் விழுகிறது. அஞ்சி முகத்தை மூடிக்கொண்ட சிறுமி ஒருத்தி. அண்ணாந்து நோக்கும் மற்றொருத்தி. சிந்தையில் ஆழ்ந்த முதியவர் ஒருவர். அறை முழுதும் இருள். 1760-க்கும் 1762-க்கும் இடையே தாமஸ் ஃப்ரை வெளியிட்ட பெரிய தலைகளின் அச்சுப்படங்கள் ரைட்டுக்கு உதவின என்பர். மெய்யே. ஆயினும் அவற்றிற் கற்கவேண்டுவது யாதென்று அறியுங் கண்ணை அவர்க்கு அளித்தது பழைய சாக்குக்கட்டிப் பயிற்சியே என்பது என் துணிபு.

மறுப்பு எளியதன்று. ஸர் ஜாஷுவா ரெனால்ட்ஸ் 1769-ஆம் ஆண்டு டிசம்பரில் ராயல் அகாடெமி மாணவர்க்கு நிகழ்த்திய சொற்பொழிவில், படங்களைப் பொதுப்படப் படியெடுத்தலை, உழைப்பெனத் தோன்றி ஏமாற்றுவதென்று கண்டித்தார். அவரோ, இளமையில் அதே ஹட்ஸனிடம் இருந்து, இத்தாலியரான குவெர்சினோவின் சித்திரங்களைப் பார்த்தெழுதிப் பழகியவர்! எனினும் அவரைக் குறைகூறேன். அவர் வெறுத்தது சிந்தையற்ற கைவேலையை. ஹட்ஸனின் உருவப்படங்களே அதற்குச் சான்று: முகத்தைத் தாம் எழுதி, உடையை வான் ஏக்கன் என்பவரிடம் விட்டுவிடும் வழக்கத்தால், பல படங்கள் ஒரே அச்சிற் வார்த்தவைபோற் காணப்படுகின்றன. பழக்கம் ஆசிரியரைச் சிறைப்படுத்தியது. மாணாக்கர் இருவரும் தப்பினர். அவர்கள் எவ்விடத்தில் தப்பத் தொடங்கினர் என்பதைப் பயிற்சித் தாள்களிலன்றி வேறெங்கே தேடுவது? தேர்வு முடிந்த மறுநாளே ஏடுகளைப் பழந்தாள் வாங்குவோனுக்கு எடைபோட்டுவிடும் நம் மாணவ நண்பர் இதனைச் சிறிது எண்ணுவாராக.

முப்பது பிராயங் கடந்தபின், இறகு செருகிய கருந்தொப்பியணிந்த தம் முகத்தையே ரைட் கரிக்கோலால் எழுதி வெண்மை தீட்டிய படம் ஒன்று டார்பிக் காட்சிச்சாலையில் உளது. வண்ணத்தில் வல்லவரான பின்னும் அவர் பழைய இரு நிறங்களுக்கே மீண்டிருக்கிறார். அதனருகே அவர் இளமையில் எழுதிய தலை ஒன்றும் அதே சுவரில் தொங்கக் காண்டல் வேண்டும் என்பதே என் அவா.