வெள்ளவத்தையில் வீடு, ஊரில் வாக்கு

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு முதல்நாள் இரவு, அப்பாவையும் அம்மாவையும் வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பத்து வருடங்களுக்கு மேலாக நாங்கள் இங்கே வாடகைக்கு இருக்கிறோம். ஆனால் எங்கள் மூவரின் பெயர்களும் ஊர்த் தேருநர் இடாப்பிலேயே இருந்தன. வீட்டு உரிமையாளர் இங்கே பதிய விரும்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொழும்பிலிருந்து பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனாலும், கொழும்பில் பெயரைப் பதிவதென்றால் யோசிக்கும் பழக்கம் எங்களில் பலரிடம் தங்கிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்குத் தேர்தல் கணக்கில் ஒரு விலை உண்டு. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில் 160, பதிவுசெய்த வாக்காளர் தொகையைக் கொண்டே பகிரப்படுகின்றன. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2024இல் இருந்தவை 6. ஊரைவிட்டு வந்தவர்கள் அங்கே பெயரை எடுத்தால் அந்தத் தொகை இன்னும் குறையும். எடுக்காவிட்டால், வாழும் இடத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை.

கொழும்பில் பெயர் இருந்தாலும் பாதை இலகுவல்ல. 2020இல் கொழும்பு மாவட்டத்தின் 19 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சக்தி 6ஐப் பெற்றது. 62,000க்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளுடன் மனோ கணேசன் அந்த ஆறுபேரில் ஒருவரானார். 2024இல் 18 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 14ஐ எடுத்தது. ஐக்கிய மக்கள் சக்திக்கு மிஞ்சியவை 4. அந்த நால்வரில் அவர் இல்லை. டிசம்பரில் தேசியப் பட்டியல் மூலமே பாராளுமன்றம் சென்றார். கட்சிக்கு ஆசனம் கிடைக்க வேண்டும். பிறகு கட்சிக்குள் விருப்பு வாக்கில் முந்த வேண்டும். முதலாவது சுருங்கினால் இரண்டாவதில் சிறுபான்மை வேட்பாளருக்கு இடம் கிடைப்பது கடினம்.

தமிழர்தான் தெரிவாக வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்திலேயே 6இல் 3 ஆசனங்கள் தேசிய மக்கள் சக்திக்குப் போயின. மாத்தறையில் அக்கட்சியின் சரோஜா போல்ராஜ் வென்றார். இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் இவை ஒரு கட்சி தன் பட்டியலில் தரும் இடங்கள். கட்சியின் மனம் மாறினால் அவையும் மாறும்.

தேர்தல் முறையை மாற்றும் பேச்சு வரும்போதெல்லாம், தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற யோசனையும் கூடவே வருகிறது. அதைக் கேட்கும்போது ஜேர்மனியின் 1890ஆம் ஆண்டுத் தேர்தல் எனக்கு நினைவுக்கு வரும். அங்கே 397 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒருவர். மக்கள் வேலை தேடி பெர்லின் போன்ற நகரங்களில் குவிந்துகொண்டிருந்தார்கள்; தொகுதி எல்லைகளோ மாற்றப்படவில்லை. சமூக ஜனநாயகவாதிகள் ஐந்திலொரு பங்களவு வாக்குகளுடன் முதலிடம் பெற்றார்கள். கிடைத்த ஆசனங்கள் 35. அவர்களைவிடக் குறைவான வாக்குகள் பெற்ற கத்தோலிக்க மத்திய கட்சிக்கு 106. இரண்டாம் சுற்றில் மற்றக் கட்சிகள் அவர்களுக்கு எதிராகச் சேர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் இடம்பெயர்ந்தவர்களின் வாக்குக்குப் பெறுமதி குறைந்தது, எல்லைகள் அவர்களைப் பின்தொடராததால்தான்.

எங்களிடம் வேறொரு வழி இருந்தது. 1947 முதல் 1977 வரை கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் தொகுதியாக இருந்தது. வாக்காளர் தனது மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே போடலாம். 1977இல் அங்கே தெரிவான மூவரில் இருவர் முஸ்லிம்கள். புதிய முறை எதுவானாலும், கொழும்பில் இத்தகைய பல அங்கத்தவர் தொகுதிகள் வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். எல்லை நிர்ணயம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாகாண சபைகள் சாட்சி: 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் அந்த அறிக்கையை நிராகரித்தது; தேர்தலும் அதோடு முடங்கியது.

உரிமையாளரிடம் மறுபடியும் பேசி, என் பெயரை வெள்ளவத்தையில் பதிந்துவிட்டேன். அப்பாவிடமும் கேட்டேன். "நான் பேரை எடுத்தால் ஊரில ஒண்டு குறையுமே" என்றார். அவருடைய கணக்கைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை.