கணக்கில் முதலில் தோன்றிய சுழல்

திருப்பூரிலிருந்து வடக்கே வரும் சாலை சேலம்–கோவை நெடுஞ்சாலையைச் சந்திக்கும் பெருமாநல்லூரிலும் அதையொட்டிய ஊர்களிலும் பரவியுள்ள பனியன் கம்பெனிகளில், வட்டமாகச் சுழலும் மின்னணு ஜக்கார்டு யந்திரங்கள் பலவற்றுள் எந்த ஊசி எழும்ப வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிப்பதும், டிஜிட்டல் பிரிண்டிங் யந்திரத்தின் தலைக்குள் அமர்ந்து துணியின் மீது சாயத்தை நுண்துளிகளாக உந்தித் தள்ளுவதும் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்த பீங்கான்தான். ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் ஆகிய மூன்று உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்டெடுக்கும் இப்பீங்கான், மின்னழுத்தம் பட்ட மாத்திரத்தில் வளைந்து, அது நீங்கியதும் நிமிர்ந்துவிடுகிறது. இவ்வளவு அடக்கமான ஊழியனைப் பற்றி விசாரிக்கும் அவசியம் முதலாளிக்கும் நேர்வதில்லை, ஃபிட்டருக்கும் நேர்வதில்லை; பழுதானால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள், அந்தப் புதியது பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது.

மின்சாரத்தைப் பைசாக் கணக்கில் அறிந்த ஊர் பெருமாநல்லூர். 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது இங்கே நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மூவர் மாண்டனர். நான் சொல்ல வருவதோ மீட்டரில் ஓடும் மின்சாரம் அன்று. ஜடப்பொருளின் உள்ளேயே, யாரும் ஊட்டாமல், தானே நிலைத்து நிற்கும் மின்தன்மை. பேரியம் டைட்டனேட் என்னும் படிகத்தைச் சுமார் 120 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால், அதன் ஒவ்வொரு அணுக்கூட்டிலும் நட்டநடுவில் இருக்கவேண்டிய டைட்டேனிய அயனி ஓர் ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்களவு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள, நேர்மின்னும் எதிர்மின்னும் தத்தம் மையங்களைப் பிரித்துக்கொண்டு படிகம் முழுவதற்கும் ஒரு திசையை உண்டாக்கிவிடுகின்றன. இதற்கு முனைவாக்கம் என்று பெயர். வெளியிலிருந்து மின்புலத்தைப் பிரயோகித்தால் இத்திசையைத் திருப்பலாம். புலத்தை விலக்கினாலும் திரும்பியது திரும்பியபடியே நிற்கும். 1920இல் ஜோசப் வாலசெக் ரோஷல் உப்பில் முதன்முதலாகக் கண்டறிந்த இவ்வியல்புடைய பொருள்களை ஃபெர்ரோஎலெக்ட்ரிக் பொருள்கள் என்கிறோம்; மேலே சொன்ன பீங்கானும் இவற்றுள் ஒன்று.

படிகம் முழுவதும் ஒரே திசையை நோக்கி நிற்பது அபூர்வம். இங்கொரு பகுதி மேல்நோக்கியும் அங்கொரு பகுதி பக்கவாட்டிலும் நிற்க, இரண்டுக்கும் நடுவே மெல்லிய சுவர் அமைகிறது. சில இடங்களிலோ திசைகள் ஒன்றையொன்று தொடர்ந்து வளைந்து சுழலாகவே மூடிக்கொள்கின்றன. அச்சுழலைச் சுற்றி வட்டமிட்டு வந்தால் முனைவாக்கத்தின் திசையும் ஒரு முழுச்சுற்றுத் திரும்பியிருக்கும். அச்சுற்றுகளின் எண்ணிக்கை எப்போதும் முழு எண்ணாகையால், சிறிது சிறிதாகத் தேய்ந்து முக்காலாகி அரையாகி மறையும் வழி அதற்கு இல்லை. பின்னல் துணியில் ஒரு கண்ணி நழுவிவிட்டால், துணியை எப்பக்கம் இழுத்தாலும் இஸ்திரி போட்டு நீவினாலும் குறை தீராது, விட்ட கண்ணியைக் கொக்கியால் எடுத்து மறுபடியும் கோத்தே ஆகவேண்டும் என்பதை அறிந்த திருப்பூர்க்காரருக்கு, இடவியல் குறை என்று விஞ்ஞானிகள் சொல்வதை விளக்க அதிக வார்த்தைகள் தேவையில்லை. சுழல் ஒழியவேண்டுமானால் எதிர்ச்சுழல் ஒன்று வந்து அதனோடு மோத வேண்டும், அல்லது அது படிகத்தின் ஓரத்துக்கு நகர்ந்து வெளியேற வேண்டும். இத்தகைய சுழல்களின் பிணைப்பும் பிரிவுமே சில ஜடப்பொருள்களின் நிலைமாற்றத்தை நிர்ணயிக்கின்றன என்று 1970களின் தொடக்கத்தில் காட்டிய காஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 2016இல் ஹால்டேனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இச்சுழல்கள் சில நானோமீட்டர் அகலமே உடையவை. அவற்றைப் பிரத்தியட்சமாகக் காண உபகரணம் கைகூடுவதற்கு முன்பே, அனுமானத்தால் காணும் வழி பிறந்துவிட்டது. அதுவே கணிப்பொறிப் பாவனை. இதன் மூலக்கருத்தைத் தேடிச் சென்றால் 1940இல் சி.வி. ராமனும் நெடுங்காடியும் குவார்ட்ஸ் படிகத்தைச் சூடாக்கிச் செய்த பரிசோதனையில் போய் நிற்கிறோம்: நிலைமாறும் உஷ்ணத்தை நெருங்க நெருங்க, படிகத்தின் அதிர்வுகளில் ஒன்று தளர்ந்துகொண்டே போவதை அவர்கள் கண்டார்கள். இந்தத் தளர்ந்த அதிர்வே ஃபெர்ரோஎலெக்ட்ரிக் நிலைமாற்றத்தின் சூத்திரம் என்று இரு பதிற்றாண்டுகளுக்குப் பின் காக்ரனும் ஆண்டர்சனும் சித்தாந்தம் வகுத்தார்கள். அதைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு அணுக்கூட்டுக்கும் ஓர் அம்பு என்று வைத்து, அம்புகள் ஒன்றையொன்று இழுக்கும் வலிமைகளைக் குவாண்டம் விதிகளிலிருந்தே கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான அம்புகளைக் கணிப்பொறியில் உஷ்ணத்தால் குலுக்கிப் பார்க்கும் முறையை 1994இல் ஷோங், வாண்டர்பில்ட், ராபே ஆகியோர் பேரியம் டைட்டனேட்டுக்குச் செய்து காட்டினர். ஈய டைட்டனேட்டுக்கு அதைச் செய்தவர்களுள் ஒருவர், இன்று பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றும் உமேஷ் வாக்மாரே. ராபேயுடன் அவர் 1997இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுவது.

கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது? 1994ஆம் ஆண்டுக் கணக்கின்படி பேரியம் டைட்டனேட் தன் முனைவாக்கத்தை இழக்கும் உஷ்ணம் சுமார் 300 கெல்வின், அதாவது 27 பாகை செல்சியஸ். அதுவும், அணுக்களுக்கிடையிலான தூரத்தில் நேர்ந்த சிறு பிசகைச் சரிக்கட்டுவதற்காக எதிர்மறை அழுத்தம் ஒன்றைக் கையால் புகுத்திய பிறகு. உண்மையில் அது 120 பாகைக்கு மேல். கணக்கை வேதவாக்காகக் கொண்டால், பெருமாநல்லூரின் சித்திரை வெயிலில் எந்தப் பேரியம் டைட்டனேட் படிகத்திலும் முனைவாக்கம் மிஞ்ச நியாயமில்லை! ஆனால் உஷ்ணத்தில் தவறிய அதே கணக்கு, படிகம் குளிரக் குளிர எந்த வடிவிலிருந்து எந்த வடிவுக்கு எந்த வரிசையில் மாறும் என்பதைப் பிசகாமல் சொல்லிவிட்டது. பாவனைக் கணக்கிடம் அளவைக் கேட்பதைக் காட்டிலும் அமைப்பைக் கேட்பதே விவேகம் என்று நான் கருதுவதற்கு இதுவே ஆதாரம்.

அமைப்பைக் கேட்டவர்களுக்கு அது கைவிரிக்கவில்லை. 2004இல் அமெரிக்காவின் அர்கன்ஸா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நௌமோவ், பெல்லேஷ், ஃபூ ஆகிய மூவரும், நம் ஜக்கார்டு யந்திரத்தில் உள்ள அதே ஈய–சிர்க்கோனியப் பொருளை நானோமீட்டர் அளவுள்ள தட்டுகளாகப் பாவித்துக் கணக்கிட்டபோது, விளிம்பில் தேங்கும் மின்னேற்றத்தைத் தவிர்க்கும் பொருட்டு அம்புகள் வட்டமாகச் சுழன்று தம்மைத் தாமே மூடிக்கொள்வதைக் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், ஈய டைட்டனேட்டையும் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய மெல்லிய படலத்தில் அத்தகைய சுழல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வரிசை வரிசையாகக் காட்டியது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உலோகவியலும் பயின்று பெர்க்கிலிக்குச் சென்ற ராமமூர்த்தி ரமேஷின் குழு. 2019இல் அதே குழு ஸ்கைர்மியான் என்னும் இன்னும் சிக்கலான முடிச்சை அறை உஷ்ணத்திலேயே கண்டது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சுஜித் தாஸ் பின்னர் பெங்களூருக்கே திரும்பி, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியரானார். இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம்: இத்தகைய முடிச்சுகள் தோன்றும் காந்தத்தில் அம்பின் நீளம் ஏறக்குறைய மாறாது, முனைவாக்கமோ சுழலின் மையத்தில் சுருங்கிப் பூஜ்யமாகிவிடக்கூடும், ஆகையால் இங்கே இடவியல் தரும் காப்பு கணிதத்தில் சொல்வதைப் போல் அவ்வளவு கண்டிப்பானதன்று. ஸ்கைர்மியான்களைக் கொண்டு நாளையே நினைவகங்களை நிரப்பிவிடலாம் என்று வண்ணப் படங்களைக் காட்டிப் பேசுகிறவர்கள் இதை மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள்.

இனி நம் கதை. 2015இல் மத்திய அரசு 4,500 கோடி ரூபாயில் தேசிய மீக்கணினித் திட்டத்தை அறிவித்தது. அதன் வழியே 2022இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள ‘பரம் பொருள்’ மீக்கணினி நிறுவப்பட்டது. ராமன் பிறந்த திருவானைக்காவல் அதிக தூரத்தில் இல்லை. கணக்கிடும் மூளையும் நம்மிடம் உண்டு, கணக்கிடும் யந்திரமும் உண்டு. பீங்கானை நாள்தோறும் வளைத்து வேலை வாங்கும் கூடங்களோ இங்கே ஏராளம். இருந்தும் இருதரப்பாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதே என் ஆதங்கம். ரமேஷ் 1990களில் பெல்கோர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது எடுத்துக்கொண்ட விஷயம் விண்ணைச் சார்ந்ததன்று: திசையைத் திரும்பத் திரும்ப மாற்றினால் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் படலம் ஏன் சோர்ந்துபோகிறது என்ற தொழிற்கூடக் கேள்விதான். ஆக்சிஜன் விட்டுப்போன வெற்றிடங்களில் சுவர்கள் சிக்கிக்கொள்வது அதன் காரணங்களுள் ஒன்று என்பதும், பிளாட்டினத்துக்குப் பதிலாக ஆக்சைடு மின்முனையை வைத்தால் சோர்வு பெரிதும் நீங்கும் என்பதும் அத்தகைய கேள்விகளிலிருந்தே தெளிந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. அது வியாபாரக் காரணம். ஈயம் கலந்த மின்சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டம் இப்பீங்கானுக்கு விலக்களித்து வருகிறது, தக்க மாற்றுப்பொருள் இல்லை என்ற ஒரே முகாந்திரத்தால். 1994இல் ஜெர்மனி அஸோ சாயங்களுக்கு விதித்த தடை திருப்பூரின் சாயப்பட்டறைகளை எப்படி அலைக்கழித்தது என்பதை அறிந்தவர்கள், ஒருவர் கையில் இருக்கும் விலக்கை நிரந்தரம் என்று நம்பமாட்டார்கள். ஈயமற்ற பீங்கான்களுள் எது நம் கூடங்களின் உஷ்ணத்தையும் ஓட்டத்தையும் தாங்கும் என்று சல்லடை போட்டுப் பார்க்கப் பாவனைக் கணக்கைப் போல் மலிவான வழி வேறில்லை. ஆனால் எந்த உஷ்ணம், எத்தனை ஓட்டம் என்பதைக் கணக்குப் போடுகிறவருக்கு யாராவது சொல்ல வேண்டுமல்லவா? ஈட்டிவீரம்பாளையம் ஆடைப் பூங்காவிலோ பெருமாநல்லூரிலோ ஒரு நிட்டிங் கூடம், கழித்துப்போடும் ஒவ்வொரு பீங்கான் தகட்டுக்கும் அது ஓடிய மணி நேரத்தையும், கூடத்தின் உஷ்ணத்தையும், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் ஒரு நோட்டில் குறித்து, நோட்டையும் தகடுகளையும் சேர்த்துத் திருச்சிக்கோ பெங்களூருக்கோ பார்சல் அனுப்புவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.