ஒளி முந்தும், ஒலி பிந்தும்



சுப்ஹு தொழுகைக்காகப் பள்ளிவாசலை நோக்கி நடக்கையில், வானில் தீப்பந்து ஒன்று பாய்ந்தோடக் கண்டிருக்கிறீர்களா? முன்னிரவைவிட விடியலுக்கு முந்திய பொழுதிலேயே எரிகற்களை மிகுதியாகக் காணலாம். பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கதிரவனைச் சுற்றி விரைகிறது. நள்ளிரவு கடந்தபின் நாம் அந்த ஓட்டத்தின் முன்பக்கத்தில் இருக்கிறோம். மழையில் விரையும் பேருந்தின் முன்கண்ணாடியில்தானே துளிகள் அதிகம் மோதுகின்றன!

விண்மீன் பாய்ந்தால் பெரியவர் ஒருவர் பிறந்தார் அல்லது இறந்தார் என்று அறியாமைக் காலத்து அரபியர் கருதினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஆகவே சகுனம் பார்த்து அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. அது நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி!

வியப்படையாதீர்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்ய நாட்டின் செல்யாபின்ஸ்க் நகரில் காலை மணி 9.20. குளிர்காலமாதலால் அப்போதுதான் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தினுள் நுழைந்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. கண்ணைப் பறிக்கும் ஒளி. ஆனால் ஓசையே இல்லை. என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலருகே விரைந்தனர். ஒளி நொடிப்பொழுதில் வந்துவிடும். ஒலியோ ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடங்களுக்குப் பின் அதிர்வலை வந்து மோதியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. ஏறத்தாழ 1,500 பேர் சிகிச்சை நாடினர். அவர்களுள் பெரும்பாலோரைக் காயப்படுத்தியது நொறுங்கித் தெறித்த கண்ணாடியே. உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல்.

அந்நகரப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், அந்த ஒளி எதுவென்று அறியாத நிலையிலும், பிள்ளைகளை மேசைகளுக்கடியில் பதுங்கச் சொன்னார். 44 பிள்ளைகளுக்கும் ஒரு கீறலுமில்லை. நின்றுகொண்டிருந்த ஆசிரியையின் கையைத்தான் கண்ணாடி ஆழமாக வெட்டியது.

பெரும்பாலான எரிகற்கள் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். அவற்றைக் கண்டு மகிழலாம். ஆனால், சஹர் நேரத்தில் விழித்திருக்கும் தாய்மார்களே! இரவைப் பகலாக்கும் ஒளி ஒன்று அடுக்களைக்குள் பாய்ந்தால், பிள்ளைகளை ஜன்னலருகே செல்ல விடாதீர்கள். சுவரோரமாக அமர்த்தி, ஓசை வந்து அடங்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். வானத்தைப் பார்ப்பது அதன் பிறகு ஆகட்டும்.