வேம்பை விட்டுட்டுக் கட்டலாமே!



பசுமைக் கட்டடம்னா பச்சைப் பெயிண்ட் அடிச்ச கட்டடம்னுதான் நினைச்சிருந்தேன். அறிவியல் டீச்சர் சொன்னதும்தான் புரிந்தது. ஐதராபாத்தில் சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரேஜ் பசுமை வணிக மையம் என்ற அலுவலகம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே 'லீட் பிளாட்டினம்' சான்று பெற்ற முதல் கட்டடம் அதுதான் (2003). 2004இல் அப்துல் கலாம் ஐயா திறந்து வைத்தார். நடுவில் முற்றம், காற்று வர சல்லடை மாதிரி சுவர், மாடியில் தோட்டம், சூரிய மின்சாரம். கழிவுநீரைச் செடிகளின் வேரே சுத்தம் செய்கிறது.

யோசித்துப் பாருங்கள், முற்றம் நம்ம பாட்டி வீட்டிலேயே இருந்ததுதானே?

நமக்குப் புது வகுப்பறை வரப்போகிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த இடத்தில் நம் வேம்பு நிற்கிறது. அதை வெட்டினால் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? ஃபேன் இருக்கே என்பீர்கள். கரண்ட் போனால்?

என் அம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. "சொல்றத வானம் தோண்டுறதுக்கு முன்னாடி சொல்லணும்"னு சொன்னாங்க. அதான் இப்பவே எழுதுகிறேன். கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். எதிரெதிரே ஜன்னல் வையுங்கள். மாடியில் விழும் மழைநீரை மண்ணுக்குள் விடுங்கள். நமக்குச் சான்றிதழ் வேண்டாம், வேம்பு இருந்தால் போதும்.

தலைமையாசிரியர் ஐயா அவர்கள் அருள்கூர்ந்து யோசிக்க வேண்டும்.

– 9ஆம் வகுப்பு மாணவி